காப்பும் விளக்கமும்
சிங்கப்பூரில் முதியோர்க்கான மருத்துவக் காப்புறுதி வளர்ந்த வரலாறு

முன்னுரை

முதுமை எய்திய மனிதனுக்கு வருவாய் சுருங்குகிறது, நோயோ பெருகுகிறது. உழைக்கும் வயதில் ஒருநாள் காய்ச்சலாக வந்து போன உடற்குறை, எழுபது வயதில் மாதக்கணக்கான மருத்துவமாக மாறிவிடுகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தை நிரப்புவது யார்? குடும்பமா, அறச்சாலையா, அரசா? தொழில் வளர்ச்சி கண்ட ஒவ்வொரு நாடும் இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவை எதிர்கொண்டது. 1948-இல் பிரிட்டன் வரிப்பணத்தைக் கொண்டு அனைவர்க்கும் மருத்துவம் வழங்கும் நாட்டு நலச் சேவையைத் தொடங்கியது. 1965-இல் அமெரிக்கா அறுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கென 'மெடிகேர்' சட்டத்தை இயற்றியது. சிறிய தீவாகிய சிங்கப்பூரோ இவ்விரு வழிகளையும் பின்பற்றாமல், சேமிப்பு, காப்புறுதி, அரசு மானியம் ஆகிய மூன்றையும் பின்னிப் பிணைத்து வேறொரு வழியை வகுத்துக்கொண்டது.

அவ்வழி ஒரே நாளில் அமைந்ததன்று. படிப்படியாக, பல நேரங்களில் தயக்கத்தோடும், சில நேரங்களில் மக்களின் மறுப்புக்கிடையிலும் அமைந்தது. அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முதியவர் ஒருவரைச் சட்டம் காப்பாற்ற வேண்டுமாயின், சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அது யாருக்கு உரியது, அதில் எவ்வாறு சேர்வது, அதனால் எவ்வளவு கிடைக்கும் என்னும் மூன்று வினாக்களுக்கும் அம்முதியவர்க்கு விளங்கும் மொழியில் விடை கிடைக்க வேண்டும். காப்பின் வரலாறும் விளக்கத்தின் வரலாறும் ஒன்றோடொன்று இணைந்தே நடந்துள்ளன.

அறச்சாலையும் அரசு மருத்துவமும்

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நோயுற்ற ஏழை முதியவர்க்குப் பெரிதும் துணை நின்றது தனியார் அறமே. வணிகர் தான் தோக் செங் வழங்கிய 7,000 வெள்ளி நன்கொடையைக் கொண்டு, 1844-இல் ஏழை நோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று அவர் பெயரால் வழங்கும் பெரிய மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அரசு மருத்துவமனைகளும் வெளிநோயாளர் மருந்தகங்களும் பெருகின. அவற்றின் செலவை அரசே பெரிதும் தாங்கியது.

1960-ஆம் ஆண்டில் ஒரு சிறு மாற்றம் நிகழ்ந்தது. அரசு மருந்தகங்களுக்கு வரும் நோயாளி ஒவ்வொரு முறையும் 50 காசு செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தொகை சிறிதே, ஆனால் அதன் பின்னிருந்த கருத்து பெரிது. மருத்துவத்தைப் பெறுவோர் அதன் செலவில் ஒரு பங்கையேனும் ஏற்க வேண்டும் என்னும் கொள்கை அன்று விதைக்கப்பட்டது. பின்னர் எழுந்த திட்டங்கள் யாவும் இவ்வித்திலிருந்து முளைத்த கிளைகளே எனலாம்.

அக்காலத்துத் தமிழ்த் தொழிலாளரின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். நகராட்சியில் சாலை போட்டோரும் துப்புரவுப் பணி செய்தோரும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தோரும் பலர். நாட்கூலியாகவும் ஒப்பந்தக் கூலியாகவும் இருந்தோர்க்கு முதுமைக்கென்று சேர்த்து வைக்க வழியில்லை. பிரிட்டிஷ் படைகள் 1971-இல் தளங்களைவிட்டு வெளியேறியபோது வேலையிழந்தோர் ஆயிரக்கணக்கானோர். பின்னாளில் காப்புறுதித் திட்டங்கள் வந்தபோது முதியோராக நின்ற தலைமுறை இதுவே.

சேம நிதியிலிருந்து மெடிசேவ்

1955-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று மத்திய சேம நிதி நடைமுறைக்கு வந்தது. தொழிலாளி தம் ஊதியத்தில் 5 விழுக்காடும் முதலாளி 5 விழுக்காடும் செலுத்த, அத்தொகை தொழிலாளியின் பெயரில் சேர்ந்தது. ஐம்பத்தைந்து வயதில் அதனைத் திரும்பப் பெறலாம். ஓய்வுக்காலச் சேமிப்பாகத் தோன்றிய இந்நிதியே பின்னர் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் ஊற்றாக விரிந்தது.

1980-களின் தொடக்கத்தில் மருத்துவச் செலவு உயர்ந்து வருவதையும், மக்கள் தொகையில் முதியோர் பங்கு வளரவிருப்பதையும் அரசு கவனத்திற் கொண்டது. சுகாதார அமைச்சராக இருந்த கோ சோக் தோங், மருத்துவத்துக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றை உருவாக்கும் கருத்தை முன்வைத்தார். 1983-இல் வெளியான தேசிய சுகாதாரத் திட்டம் அதனை விரித்துரைத்தது. அடுத்து அமைச்சரான ஹாவ் யூன் சோங்கின் காலத்தில், 1984 ஏப்ரல் முதல் நாளன்று 'மெடிசேவ்' நடைமுறைக்கு வந்தது. சேம நிதிச் சந்தாவிலிருந்து ஊதியத்தின் 6 விழுக்காடு இக்கணக்கிற்கு ஒதுக்கப்பட்டது. தமக்காக மட்டுமன்றி, தம் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரின் மருத்துவமனைக் கட்டணத்துக்கும் இதனைப் பயன்படுத்தலாம் என்பது குறிப்பிடத்தக்கது. அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய இவ்வசதி 1986-இல் தனியார் மருத்துவமனைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

இத்திட்டம் எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது என்று கருதுவது பிழை. முன்னாள் சுகாதார அமைச்சரும் ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினருமான டாக்டர் தோ சின் சாய் நாடாளுமன்றத்தில் இதனை எதிர்த்தார். மருத்துவம் அரசின் பொறுப்பா, தனிமனிதரின் பொறுப்பா என்பதே அன்றைய விவாதத்தின் உயிர்நாடி. அதே 1984-இல் ஹாவ் யூன் சோங் தலைமையிலான முதியோர் பிரச்சினைகள் பற்றிய குழு, சேம நிதியைத் திரும்பப் பெறும் வயதை உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது. மக்களிடையே பெரும் மனக்கசப்பு எழுந்தது; அரசு அப்பரிந்துரையைக் கைவிட்டது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விழுக்காடு குறைந்தது. முதியோரின் பணத்தைப் பற்றிப் பேசுமுன் முதியோரிடமே பேச வேண்டும் என்னும் பாடத்தை அந்நிகழ்ச்சி கற்பித்தது.

மெடிசேவுக்கு இயல்பாகவே ஒரு குறை இருந்தது. நெடுங்காலம் ஊதியம் பெற்றவர்க்கே கணக்கில் பணம் சேரும். 1984-இல் ஏற்கெனவே அறுபது வயதைக் கடந்தவர்க்கு அக்கணக்கு ஏறத்தாழ வெறும் பெயரளவே. வாழ்நாள் முழுதும் வீட்டைப் பேணிய பெண்களுக்கு ஊதியமே இல்லை. எனவே சேமிப்பும் இல்லை. சிறுகடை வைத்தோர், வண்டியோட்டிகள் போன்ற சுயதொழில் புரிவோர் மெடிசேவுக்குச் சந்தா செலுத்த வேண்டும் என்னும் விதி 1992-இல்தான் வந்தது. சேமிப்பு மட்டும் காப்பாகாது என்பது விரைவிலேயே தெளிவாயிற்று.

மெடிஷீல்டும் வயதென்னும் எல்லைக்கோடும்

பெருநோய் வந்தால் ஒருவரது சேமிப்பு சில வாரங்களிலேயே கரைந்துவிடும். பலர் சிறிது சிறிதாகச் செலுத்தி, துன்புற்ற சிலர்க்கு உதவுவதே காப்புறுதியின் தத்துவம். இதன் அடிப்படையில் 1990 ஜூலையில் 'மெடிஷீல்டு' திட்டம் தொடங்கப்பட்டது. சந்தாவை மெடிசேவ் கணக்கிலிருந்தே செலுத்தலாம். விரும்பாதோர் விலகிக்கொள்ளவும் இடமிருந்தது.

ஆனால் இத்திட்டத்தில் முதியோர்க்கு இரண்டு கதவுகள் மூடியிருந்தன. ஒன்று வயது. தொடக்கத்தில் 70 வயதோடு காப்பு முடிந்தது. நோய் மிகும் பருவத்திலேயே காப்பு நின்றுவிட்டது என்பது அதன் பொருள். மற்றொன்று முன்பே இருந்த நோய். நீரிழிவோ இதய நோயோ உடையவர் புதிதாகச் சேர வந்தால், அந்நோய்க்குக் காப்பு கிடைக்கவில்லை; சிலர்க்குச் சேரவே இயலவில்லை. தனித்து நிற்கும் காப்புறுதிக் கணக்கில் இவ்விதிகளுக்குக் காரணம் உண்டு. நோயுற்றோர் மட்டுமே சேர்ந்தால் நிதி நிலைக்காது. சந்தா உயர்ந்து இளையோர் விலகுவர். இளையோர் விலகினால் சந்தா மேலும் உயரும். ஆயினும் கணக்கில் நியாயமாகத் தோன்றிய விதி, கட்டிலில் படுத்திருந்த முதியவர்க்கு நியாயமாகத் தோன்றியிருக்க இயலாது.

வயதெல்லை காலப்போக்கில் பின்னோக்கித் தள்ளப்பட்டது. 2005-இல் அது 85 ஆயிற்று. 2013-இல் 90 ஆயிற்று. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி அழியவில்லை.

சேமிப்பும் காப்பும் கைவிட்டோர்க்கு இறுதிப் புகலிடமாக 1993 ஏப்ரலில் 'மெடிஃபண்ட்' என்னும் அறக்கட்டளை நிதி 200 மில்லியன் வெள்ளி முதலுடன் நிறுவப்பட்டது. முதலைத் தொடாமல் அதன் வருவாயைக் கொண்டு, கட்டணம் செலுத்த இயலாதோர்க்கு மருத்துவமனைக் குழுக்கள் உதவி வழங்கின. 2007-இல் அறுபத்தைந்து வயதைக் கடந்தோர்க்கென 'மெடிஃபண்ட் சில்வர்' தனியே பிரிக்கப்பட்டது. எனினும் உதவி கேட்டுச் செல்வதற்கும், உரிமையாகப் பெறுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. மானத்தை உயிரினும் மேலாகக் கருதிய முதியோர் பலர்க்கு முதல்வழி எளிதன்று.

எல்டர்ஷீல்டு: விலகிச் சென்றோர்

மருத்துவமனைக் கட்டணம் ஒரு வகைச் சுமை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின், எழுந்து நடக்கவும் இயலாதவரை ஆண்டுக்கணக்கில் பேணுவது வேறு வகைச் சுமை. பின்னதற்கென 2002 செப்டம்பரில் 'எல்டர்ஷீல்டு' திட்டம் தொடங்கியது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றையேனும் பிறர் துணையின்றிச் செய்ய இயலாதவர்க்கு மாதம் 300 வெள்ளி வீதம் 60 மாதங்கள் வரை வழங்கப்பட்டது. 2007-இல் இது மாதம் 400 வெள்ளியாகவும் 72 மாதங்களாகவும் உயர்ந்தது. வயது மிகுதியாலோ, ஏற்கெனவே உடல் முடங்கியதாலோ இத்திட்டத்தில் சேர இயலாதோர்க்கு அரசு தனியே ஓர் இடைக்கால உதவித் திட்டத்தை ஏற்படுத்தியது.

நாற்பது வயதை எட்டியவர் தாமாகவே சேர்க்கப்படுவர். வேண்டாதோர் எழுதித் தெரிவித்து விலகலாம் என்பது விதி. தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் விலகினர். பின்னைய ஆண்டுகளில் இவ்விழுக்காடு வெகுவாகக் குறைந்தது. தொடங்கியபோது பலரும் விலகியதேன்? தமக்கு அந்நிலை வராது என்னும் நம்பிக்கை ஒரு காரணமாகலாம். மாதந்தோறும் கையில் இருக்கும் வெள்ளியின் அருமை மற்றொன்று. கடிதத்தில் கூறப்பட்டது என்னவென்று விளங்காமையும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது. காப்புறுதியில் விலகுவது ஒரு கையொப்பத்தால் முடியும் செயல். ஆனால் உடல் முடங்கிய பின் மீண்டும் நுழைய நினைத்தால் கதவு திறவாது. சிறு தாளொன்றைப் புரிந்துகொள்ளாமல் இட்ட கையொப்பம், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு குடும்பத்தின் சுமையாக மாறக்கூடும்.

எல்லைக்கோடு அழிந்தது

2013 ஆகஸ்டில் நிகழ்த்திய தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், மெடிஷீல்டு திட்டம் 'மெடிஷீல்டு லைஃப்' என்னும் வாழ்நாள் திட்டமாக மாற்றப்படும் என அறிவித்தார். பாபி சின் தலைமையிலான மறுஆய்வுக் குழு 2014-இல் தன் அறிக்கையை அளித்தது. 2015 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று திட்டம் நடைமுறைக்கு வந்தது.

முன்னைய திட்டத்தில் மூடியிருந்த இரு கதவுகளும் அன்று ஒருங்கே திறந்தன. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரும் வயது வேறுபாடின்றிச் சேர்க்கப்பட்டனர். தொண்ணூற்றைந்து வயதினரும் சேர்ந்தனர். புற்றுநோய் உடையவரும் சேர்ந்தனர். முன்பே கடும் நோய் உடையவர் பத்தாண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அவர்களைக் காப்பதனால் வரும் செலவின் பெரும்பங்கை அரசு ஏற்றது. அனைவரும் கட்டாயமாகச் சேர்ந்ததால், இளையோரும் நலமுடையோரும் விலகிச் செல்லும் இடர் நீங்கியது. முன்பு முதியோரை வெளியே நிறுத்திய அதே கணக்கு, இப்போது அனைவரையும் உள்ளே கொணர்ந்ததன் வாயிலாகத் தீர்வு கண்டது. திட்டத்தின் ஆண்டு வரம்பு 2015-இல் 1,00,000 வெள்ளி. 2021-இல் 1,50,000 வெள்ளியாக உயர்ந்தது. வாழ்நாள் வரம்பு நீக்கப்பட்டது.

சந்தா செலுத்த இயலாத காரணத்தால் எவரும் காப்பை இழக்கலாகாது என்னும் கொள்கையும் உடன் வகுக்கப்பட்டது. குடும்ப வருமானத்திற்கேற்ப மானியமும், அதற்கும் மேலாகத் தேவையுடையோர்க்குக் கூடுதல் ஆதரவும் அமைந்தன.

முன்னோடித் தலைமுறையும் வீடுதேடி வந்த தூதரும்

1949 டிசம்பர் 31-ஆம் நாளன்றோ அதற்கு முன்னரோ பிறந்து, 1986 இறுதிக்குள் குடியுரிமை பெற்றவரே 'முன்னோடித் தலைமுறையினர்' என 2014-இல் வரையறுக்கப்பட்டனர். நாடு விடுதலை பெற்ற 1965-இல் இவர்கள் பதினாறு வயதையேனும் எட்டியிருந்தவர்கள். ஏறத்தாழ 4,50,000 பேர். இவர்களுக்கென 800 கோடி வெள்ளி நிதி ஒதுக்கப்பட்டது. மெடிஷீல்டு லைஃப் சந்தாவில் 40 முதல் 60 விழுக்காடு வரை மானியமும், ஆண்டுதோறும் 200 முதல் 800 வெள்ளி வரை மெடிசேவ் நிரப்புத் தொகையும் வாழ்நாள் முழுதும் வழங்கப்பட்டன. பலதுறை மருந்தகங்களிலும், அரசு மருத்துவமனைகளின் நிபுணத்துவ வெளிநோயாளர் மருந்தகங்களிலும், மானியம் போக எஞ்சிய கட்டணத்தில் பாதி குறைக்கப்பட்டது. ஊதியமே பெறாத இல்லத்தரசியின் கணக்கிலும் தொகை சேர்ந்தது. அறுபது ஆண்டுகளாகப் பிறர்க்கு உழைத்த கைகளுக்கு முதன்முதலாக ஒரு கணக்கு உயிர்பெற்றது.

ஆயின் இந்நன்மைகள் பல வகையின. அவற்றின் கணக்குகளும் பல வகையின. எழுத்தறியாத முதியோர்க்கும், தனித்து வாழ்வோர்க்கும் தாளில் அச்சிட்ட விளக்கம் போதுமா? போதாது என்பதை அரசு உணர்ந்தது. 2014-இல் முன்னோடித் தலைமுறை அலுவலகம் நிறுவப்பட்டது. 'முன்னோடித் தலைமுறைத் தூதர்' எனப்பட்ட தொண்டூழியர்கள் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று, முதியோரோடு அமர்ந்து, அவரவர் பேசும் மொழியில் திட்டத்தை எடுத்துரைத்தனர். சீன முதியோர்க்கு ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ் முதலிய கிளைமொழிகளிலும், ஏனையோர்க்கு மலாயிலும் தமிழிலும் விளக்கம் சென்றது. நெடுங்காலம் பொது ஊடகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கிளைமொழிகளை அரசே இதற்கென மீண்டும் கையாண்டது. முதியவரைச் சென்றடைய அவர் தாயின் மடியில் கற்ற மொழியே வழி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வீடு தேடிச் சென்ற தூதர்கள் காப்புறுதியை மட்டும் கண்டறிந்து திரும்பவில்லை. பேச ஆளின்றித் தனித்திருந்தோர், மருந்தை முறையாக உட்கொள்ளாதோர், கீழே விழுந்தும் எவரிடமும் கூறாதோர் முதலியோரின் தேவைகளும் வெளிச்சத்துக்கு வந்தன. எனவே இவ்வலுவலகத்தின் பணி நலத்தடுப்பு, சமூக உதவி ஆகியவற்றை நோக்கியும் விரிந்தது. 2018-இல் இது ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்போடு இணைந்து, மூத்த தலைமுறையினர் அனைவர்க்குமான அலுவலகமாகப் பெயர் மாற்றமும் பெற்றது.

தகுதி வரையறையிலும் மனித வாழ்க்கையின் சிக்கல்கள் வெளிப்பட்டன. பழைய நாளில் குடியேறியோர் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அடையாள அட்டையில் பதிந்த ஆண்டு தோராயமானது. சிலர் நெடுங்காலம் உழைத்தும் குடியுரிமைக்குக் காலந்தாழ்த்தி விண்ணப்பித்திருந்தனர். ஓர் ஆண்டு முன்பின் என்பது தகுதிக்கும் தகுதியின்மைக்கும் இடையிலான கோடாயிற்று. இத்தகையோர் முறையிட மேல்முறையீட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் முறையிடலாம் என்பதை அறிந்தவர்க்கே அக்குழு பயன்படும். இங்கும் விளக்குவோரின் பணி இன்றியமையாததாயிற்று.

விளக்க வேண்டிய கணக்கு

முதியவர்க்கு விளக்குவது எளிய பணியன்று என்பதற்கு மெடிஷீல்டு லைஃப் கணக்கு ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எழுபத்தைந்து வயதுடைய ஒருவர் 'சி' வகுப்புப் படுக்கையில் சிகிச்சை பெறுகிறார் எனக் கொள்வோம். அரசு மானியம் கழிந்தபின், காப்புறுதியில் கோரத்தக்க கட்டணம் 5,000 வெள்ளி. 2015-இல் வகுக்கப்பட்ட விதிப்படி, எண்பது வயது வரை உள்ளோர் 'சி' வகுப்பில் முதல் 1,500 வெள்ளியைத் தாமே ஏற்க வேண்டும். எஞ்சிய 3,500 வெள்ளியில் பத்தில் ஒரு பங்காகிய 350 வெள்ளியையும் தாமே ஏற்க வேண்டும். ஆக, நோயாளியின் பங்கு 1,850 வெள்ளி. காப்புறுதி தருவது 3,150 வெள்ளி. நோயாளியின் பங்கையும் அவர் தம் மெடிசேவிலிருந்தோ, பிள்ளைகளின் மெடிசேவிலிருந்தோ, உரிய வரம்புக்குட்பட்டுச் செலுத்தலாம். தாமே ஏற்கும் முதல் தொகை ஆண்டுக்கு ஒருமுறையே கணக்கிடப்படும்; அதே காப்புறுதி ஆண்டில் மீண்டும் மருத்துவமனை சேர்ந்தால் அது மறுபடியும் பிடிக்கப்படுவதில்லை.

இக்கணக்கை அறியாத முதியவர், 'காப்புறுதி இருந்தும் 1,850 வெள்ளி கேட்கிறார்களே' என ஏமாற்றம் அடைவார். அன்றியும், கட்டணத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்கே செல்லாமல் இருந்துவிடுவார். முன்னது மனவருத்தம், பின்னது உயிரிழப்புக்கும் வழிகோலும்.

இங்கே சொல்லின் பொறுப்பும் பெரிது. காப்புறுதியில் நோயாளி முதலில் ஏற்கும் தொகையைக் 'கழிவுத் தொகை' என மொழிபெயர்க்கும் வழக்கு உண்டு. கடைத்தெருத் தமிழில் 'கழிவு' என்றால் விலைக்குறைப்பு. இச்சொல்லைக் கேட்கும் பாட்டி, தமக்கு 1,500 வெள்ளி தள்ளுபடி என்று மகிழ்ந்து போகக்கூடும், உண்மையோ நேர்மாறானது. 'முதலில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு' என்று விளக்கிச் சொன்னால் ஐயத்திற்கு இடமில்லை. கலைச்சொல் சுருக்கமாக இருப்பதினும், கேட்பவர் மனத்தில் சரியான பொருளை எழுப்புவதே முதன்மையானது.

மெர்டேக்கா தலைமுறையும் கேர்ஷீல்டும்

முன்னோடித் தலைமுறைக்கு அடுத்து, 1950 முதல் 1959 வரை பிறந்து 1996 இறுதிக்குள் குடியுரிமை பெற்றவர்க்கு 'மெர்டேக்கா தலைமுறை' எனப் பெயர் சூட்டப்பட்டது. 2018-இல் அறிவிக்கப்பட்ட தொகுப்புத் திட்டத்தின்படி, 2019 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 200 வெள்ளி மெடிசேவ் நிரப்புத் தொகையும், மெடிஷீல்டு லைஃப் சந்தாவில் 5 விழுக்காடும், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின் 10 விழுக்காடும் கூடுதல் மானியமும் இவர்களுக்கு வழங்கப்பட்டன. தலைமுறை மாறுந்தோறும் தகுதி நாளும் நன்மையின் அளவும் மாறின. ஆதலால் எழுபது வயதுக் கணவரும் அறுபத்தேழு வயது மனைவியும் ஒரே வீட்டில் இருந்தும் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்ட நிலை பல குடும்பங்களில் உண்டாயிற்று.

எல்டர்ஷீல்டின் இடத்தில் 2020 அக்டோபர் முதல் நாளன்று 'கேர்ஷீல்டு லைஃப்' தொடங்கியது. 1980-இலோ அதற்குப் பின்னரோ பிறந்தோர்க்கு இது கட்டாயம். கடும் இயலாமை உற்றோர்க்கு 2020-இல் மாதம் 600 வெள்ளி எனத் தொடங்கிய இத்தொகை, இயலாமை நீடிக்கும் வரை வாழ்நாள் முழுதும் தொடரும். முன்னைய திட்டத்தில் 72 மாதங்களோடு நின்ற உதவி, இதில் காலவரம்பைக் கடந்தது. 1979-இலோ அதற்கு முன்னரோ பிறந்தோர்க்கு இதில் சேர்வது அவரவர் விருப்பம். அவர்களுக்கு 2021 நவம்பரில் வாயில் திறந்தது. முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினர் உரிய காலத்திற்குள் சேர்ந்தால் 4,000 வெள்ளி வரை ஊக்கத்தொகை பெறவும் வழி செய்யப்பட்டது.

விருப்பத்துக்குரிய திட்டமாயின் முடிவெடுக்கும் பொறுப்பு முதியவரிடமே உள்ளது. சந்தா எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் செலுத்த வேண்டும், ஏற்கெனவே உள்ள எல்டர்ஷீல்டு காப்பு என்னவாகும், தம் உடல்நிலையில் சேர இயலுமா என்பனவற்றை அவர் அறிந்தாக வேண்டும். 2002-இல் பலர் விளக்கமின்றி விலகிச் சென்ற வரலாறு இவ்விடத்தில் எச்சரிக்கையாக நிற்கிறது. 'சேருங்கள்' என்று வற்புறுத்துவதும் அறிவுரையன்று; 'உங்கள் விருப்பம்' என்று கைகழுவுவதும் அறிவுரையன்று. இருபுறத்து நன்மை தீமைகளையும் எடுத்துரைத்து, முதியவர் தாமே தெளிந்து முடிவெடுக்கத் துணை நிற்பதே நல்லறிவுரையின் இலக்கணம்.

மொழியறிந்தோர் கடமை

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ஆயினும் அதிகாரத்துவ மொழி என்னும் தகுதி, தாளில் இருப்பதோடு நின்றுவிடின் அதனால் முதியோர்க்குப் பயனில்லை. இளைய தலைமுறை ஆங்கிலத்தில் திட்டத்தைப் படித்து அறியும். முதிய தலைமுறை தமிழில் கேட்டு அறிய விரும்பும். இவ்விரு தலைமுறைகளுக்கும் இடையே பாலமாவது, பள்ளியில் தமிழ் கற்ற பேரனும் பேத்தியுமே. தாத்தாவுக்கு வந்த கடிதத்தைப் பிரித்து, அதிலுள்ளதைத் தெளிந்த தமிழில் சொல்லத் தெரிந்த மாணவன், தேர்வில் பெறும் மதிப்பெண்ணினும் பெரிய பயன் ஒன்றைத் தன் மொழிக்கல்வியால் பெற்றவனாவான்.

தமிழ் வகுப்பில் கடிதம் எழுதுதல், சுருக்கி வரைதல், கருத்துவிளக்கம் ஆகிய பயிற்சிகள் உள்ளன. கற்பனைத் தலைப்புகளுக்கிடையே, உண்மையான அரசு அறிவிப்பு ஒன்றை எழுபது வயதுப் பாட்டிக்கு விளங்குமாறு பத்து வரிகளில் எழுதும் பயிற்சியும் இடம்பெறத்தக்கது. தகுதி, சேரும் முறை, கிடைக்கும் பயன் என்னும் மூன்றையும் பிரித்தறிந்து எழுதக் கற்ற மாணவன், மொழியையும் குடிமைப் பண்பையும் ஒருங்கே கற்றவனாகிறான்.

முடிவுரை

1844-இல் ஒரு வணிகரின் நன்கொடையால் ஏழை நோயாளிக்குக் கிடைத்த இடம், 2015-இல் ஒவ்வொரு குடிமகனுக்கும் நிரந்தரவாசிக்கும் சட்டத்தால் உறுதியான காப்பாயிற்று. இடைப்பட்ட 171 ஆண்டுகளில், தருமம் சேமிப்பாயிற்று, சேமிப்பு காப்புறுதியாயிற்று, காப்புறுதியைச் சூழ்ந்திருந்த வயதெல்லை தளர்ந்து, இறுதியில் நீங்கிற்று. நோயாளி ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்று 1960-இல் எழுந்த கொள்கை மட்டும் இன்றளவும் மாறாது தொடர்கிறது. அப்பங்கு எவ்வளவு இருத்தல் தகும் என்பது காலந்தோறும் விவாதிக்கப்படும் வினாவாகவே இருந்து வருகிறது.

ஆட்சியாளர் இயற்றிய சட்டங்கள் இவ்வரலாற்றின் ஒரு பாதி. வீட்டுக் கதவைத் தட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, 'தாத்தா, இது உங்களுக்குரியது, இப்படிச் சேரலாம், இவ்வளவு கிடைக்கும்' என்று சொன்னவரின் உழைப்பு அதன் மறுபாதி. முதற்பாதி சட்டநூலில் பதிவாகியுள்ளது. மறுபாதி, ஒவ்வொரு முதியவர் வீட்டிலும் நாள்தோறும் புதிதாக எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது.